ஊசி போடாத முயலும் மஞ்சள்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நான் முதலில் கவனிப்பது, குழப்பம் வந்தால் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்பதைத்தான். முக்கால்வாசிப் பேரால் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடத் தாங்க முடிவதில்லை. கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துத் தொங்கிவிடுகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் குழப்பம் பிடிக்காது. ஆனால் முயல் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி எடுக்கும் தொழிலிலேயே என் காலம் போயிற்று. அதில் நடந்த பெரிய கெடுதல்கள் எல்லாமே, குழப்பம் தீர்ந்துவிட்டது என்று யாரோ அவசரப்பட்டுச் சொன்ன பிறகுதான் நடந்தன.

உங்கள் மேலாளர் என்னைப் பார்த்தபோது, எப்படியெல்லாம் ஜெயித்தேன் என்று புதுப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜெயித்த கதை என்னிடம் அதிகம் இல்லை. தலைகால் புரியாமல் நின்ற கதைகள்தான் நிறைய. அதில் ஒன்றைச் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே தெளிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருடமாக ஆகவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திருப்போரூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. உடனே கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் மூன்று அறை, பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட முயல் கொட்டகை, அவ்வளவுதான். வெயில் காலத்தில் முயல்கள் சுருண்டு விழாமல் இருக்கக் கூரைமேல் நனைத்த சாக்கைப் போட்டு வைப்போம். கரண்ட் போனால் எங்களுக்கு வியர்ப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, முயலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நான் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ் மாறி வந்து போய்க்கொண்டிருந்தேன்.

முயல்களைப் பார்த்துக்கொண்டவன் வேலு. நெம்மேலிக்காரன், சவுக்கு வெட்டும் கூலி வேலையிலிருந்து எங்களிடம் வந்தவன். முயல் காதின் ஓரத்து நரம்பில் ரத்தம் எடுக்கும்போது அவன் பிடித்துக்கொண்டால் முயல் துள்ளாது. மற்றபடி ஆன்டிபாடி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவன் ஆசைப்படவில்லை. வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக அவனுக்குச் சொல்லியிருந்தோம். அது நடந்ததும் பெண்ணைத் திருப்போரூரில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

எங்கள் இயக்குநரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். மகா கெட்டிக்காரர். நீங்கள் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும். நல்ல மனுஷனும்கூட. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் அவரை வில்லன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த வருடம் வெளியூர் ஆய்வகம் ஒன்று எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. மனிதக் குடலில் இருக்கும் ஒரு என்சைமைச் சுத்தப்படுத்திச் சின்னக் குப்பியில் அனுப்பியிருந்தார்கள். அதை முயலுக்கு ஊசியாகப் போட வேண்டும். முயலின் உடம்பு அதை அந்நியப் பொருள் என்று கண்டு, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும். பிறகு முயலின் ரத்தத்தை எடுத்து, அது உறைந்ததும் மேலே நிற்கும் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, ஆன்டிபாடி வந்திருக்கிறதா என்று சோதித்து அனுப்ப வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் குப்பிக்கு நாங்கள் வைத்த பெயர் 'குடல்'. முழுப் பெயரைச் சொல்ல யாருக்கு நேரம்?

சோதனையும் உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளின் அடியில் குடலைப் பூசுவோம். அதன்மேல் முயல் சீரம். ஆன்டிபாடி இருந்தால் அது குடலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அதன்மேல் முயல் ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி. அதன் முதுகில் ஒரு அடையாளம் ஒட்டியிருக்கும். கடைசியில் ஊற்றும் நிறமில்லாத கரைசலை அந்த அடையாளம் மஞ்சளாக்கும். மஞ்சள் வந்தால் ஆன்டிபாடி இருக்கிறது என்று அர்த்தம். அந்த அடையாள பாட்டிலுக்கு எங்கள் ஊர்ப் பெயர் 'மஞ்சள்'.

எங்களிடம் மஞ்சளைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு நீல நிறம் கொடுக்கும் வேறொரு அடையாளத்தைப் பயன்படுத்தி வந்தோம். சீரமும் கரைசலும் கெடாமலிருக்க அசைடு என்று ஒரு மருந்து கலப்போம் அல்லவா, அது அந்த நீல அடையாளத்தைக் கொன்றுவிடும். அது தெரியாமல் ஒரு தடவை நல்ல சீரத்தையெல்லாம் உதவாது என்று சாக்கடையில் ஊற்றினோம். டாக்டர் அன்றைக்கு நொந்துபோனார். இனி இந்த இடத்தில் மஞ்சள் மட்டும்தான் என்று சட்டம் போட்டார். சரியான சட்டம்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்காக எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் அந்தச் சட்டத்தைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டோம்.

குடலுக்காக நான்கு முயல்களை ஒதுக்கியிருந்தோம். இரண்டுக்கு ஊசி போட்டு முடித்திருந்தோம். மற்ற இரண்டு இன்னும் ஊசி படாதவை, ஒப்பிட்டுப் பார்க்க. நான்குக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். முதலில் ஊசி போட்ட ஜோடி, பிறகு போடாத ஜோடி. வேலு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வர, டாக்டரே உட்கார்ந்து எடுத்திருக்கிறார். அன்று நான் லீவு. அக்கா பேத்திக்குக் காதுகுத்து, சிங்கப்பெருமாள் கோயிலில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்து சோதனை செய்தேன். ஊசி போட்ட ஜோடி நல்ல மஞ்சள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். ஊசி போடாத ஜோடியும் அதே மஞ்சள். எதுவும் பூசாத வெறும் குழிகள் மட்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தன. எங்கள் வழக்கப்படி அந்த வெறும் குழிகள்தான் சாட்சி. அவை தெளிவாக இருந்தால் கரைசல் கெடவில்லை, தண்ணீரில் கோளாறு இல்லை, கை தப்பு செய்யவில்லை என்று அர்த்தம். மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

குடலையே பார்க்காத முயலின் ரத்தத்தில் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி எப்படி வரும்? தீவனத்தில் ஏதாவது இருந்திருக்குமோ என்று யோசித்தேன். கொட்டகைக் காற்றில் ஏதாவது பரவுகிறதோ என்றுகூட யோசித்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. டாக்டரிடம் தட்டைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார், பதில் தயாராக இருந்தது. வேலு முயலை மாற்றிவிட்டான் என்றார்.

மாற்றியிருந்தால் ஒரு ஜோடி மஞ்சளாகவும் இன்னொன்று தெளிவாகவும் அல்லவா இருக்க வேண்டும், இடம்தானே மாறியிருக்கும் என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். அப்படியென்றால் ஊசி போட்ட ஜோடியையே இரண்டு முறை கொண்டு வந்திருக்கிறான். நான்கும் வெள்ளை முயல், நான்குக்கும் சிவப்புக் கண். காதில் மார்க்கர் பேனாவில் எழுதும் நம்பர், கடற்கரை ஈரக் காற்றில் கசிந்து அழிந்துகொண்டே இருக்கும். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். எந்த முயல் எது என்று இப்போது யார் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டார். "சாரதா, நீங்க அன்னைக்கு லீவு. அந்த ரூம்ல நடந்தது உங்களுக்குத் தெரியாது" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலுவைக் கூப்பிட்டார். அதட்டவே இல்லை, அதைக் கவனியுங்கள். உட்கார வைத்து, நிதானமாக, அன்பாகத்தான் கேட்டார். ஊசி போட்ட ஜோடியையே இரண்டு தடவை கொண்டு வந்தாயா? வேலு இல்லை என்றான். நன்றாக யோசித்துப் பார்க்கச் சொன்னார். தெரியவில்லை என்றான். அன்று வெயில் அதிகம், நீ களைத்துப் போயிருப்பாய், கூண்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தப்பு நடப்பது சகஜம்தான் என்று எடுத்துச் சொன்னார். மறுநாளும் கூப்பிட்டுக் கேட்டார். இடைவேளையில் கணக்குப் பார்க்கிறவர் கேட்டார். சமையல் செய்ய வரும் அம்மாள்கூட, என்னப்பா மாத்திட்டியாமே என்று விசாரித்தாள். எல்லோரும் அக்கறையோடுதான் கேட்டோம். அந்த வாரக் கடைசியில் வேலுவே டாக்டர் அறைக்கு வந்து நின்றான்.

"ஆமா சார். அதே ஜோடியத்தான் ரெண்டு தபா தூக்கினு வந்துட்டேன். காதுல கீறல் கீதே, அந்த முயலு, அப்பறம் அதோட ஜோடி. மொதல்ல வுட்டுட்டு வந்தேன், அப்பால அதுங்களையே தூக்கினு வந்தேன்."

எப்படித் தூக்கினான், எந்தக் கதவு வழியாக வந்தான், முயல் எப்படிக் காலை உதைத்தது என்று எல்லாம் சொன்னான். டாக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. திட்டவில்லை. உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டினார். ஆனால் இந்த வேலைக்கு இது சரிவராது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலு தலையை ஆட்டிவிட்டு, சாக்கை நனைத்துக் கூரைமேல் போட்டுவிட்டுத்தான் போனான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

எல்லோருக்கும் குழப்பம் தீர்ந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் அதிகமானது. வேலு சொன்னதில் ஓட்டையே இல்லை, அதுதான் எனக்கு இடித்தது. அந்தக் கொட்டகையில் நேற்று எந்தக் கூண்டைக் கழுவினாய் என்று கேட்டால் தலையைச் சொறிகிறவன் அவன். இதை மட்டும் படம் பிடித்த மாதிரிச் சொல்கிறான். நான் அவனைக் காப்பாற்றக் கிளம்பினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். அவன் மாற்றியிருக்கக்கூடும் என்றுதான் நானும் பாதி நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வேலுவால் கெடுக்கவே முடியாத ஒரு சோதனை.

யோசித்து யோசித்து ஒரு முட்டாள்தனமான யோசனைக்கு வந்து சேர்ந்தேன். முயலையே எடுத்துவிட்டால் என்ன? புதுத் தட்டில் குடலைப் பூசினேன். சீரம் ஊற்றவில்லை. மஞ்சள் பாட்டிலையும் தொடவில்லை. நேராகக் கடைசிக் கரைசலை ஊற்றிவிட்டுக் கைகட்டிக்கொண்டு நின்றேன். எதுவும் நடக்கக்கூடாது. நடக்க அங்கே யாருமே இல்லை.

குழிகள் மஞ்சளாகத் தொடங்கின.

முயல் இல்லை, ஆன்டிபாடி இல்லை, அடையாளமும் இல்லை, மஞ்சள் மட்டும் வருகிறது. பேய் பிடித்த தட்டு என்று தோன்றியது. வாடிக்கையாளர் அனுப்பிய குப்பியை எடுத்து, அதில் எழுதியிருந்த முழுப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். மனிதக் குடல் அல்கலைன் பாஸ்படேஸ். பிறகு எங்கள் மஞ்சள் பாட்டிலை எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அடையாளம் என்னவென்று படித்தேன். அல்கலைன் பாஸ்படேஸ். கன்றுக்குட்டிக் குடலிலிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்சைம். தட்டின் அடியில் நாங்கள் பூசி வைத்த குடலே கரைசலை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டவர்தான் நம் ஆள் என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் தேடியிருக்கிறோம். வெறும் குழி தெளிவாக இருந்ததில் ஆச்சரியமில்லை, அதில் குடலே இல்லை. எங்கள் சாட்சி கல்யாண வீட்டுக்கே வராத ஆள்.

இந்த இரண்டு பெயரும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் ஒன்றைக் குடல் என்றும் ஒன்றை மஞ்சள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் எங்கள் தலைக்குள் சந்திக்கவே இல்லை. நீங்கள் இப்போது உங்கள் பாட்டில்களுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர்களை, நான் உங்கள் இடத்துக்கு வந்த அன்றே கேட்டேன். சிரித்துக்கொண்டேன்.

தட்டை டாக்டர் மேசைமேல் வைத்தேன். அவருக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. நான் எதிர்பார்த்த கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை.

"அப்புறம் அவன் ஏன் ஒத்துக்கிட்டான்?" என்றார்.

அசைடு கலக்காத புதுக் கரைசல் தயாரித்து, பழைய நீல அடையாளத்தை வெளியில் கடன் வாங்கி, அன்று எடுத்து, இன்னும் அசைடு கலக்காமல் வைத்திருந்த அதே சீரங்களைச் சோதித்தோம். ஊசி போட்ட ஜோடி நல்ல நீலம். ஊசி போடாத ஜோடி தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. பூசிய குழியில் சீரம் இல்லாமலும் ஒரு வரிசை வைத்தோம், அதுவும் தெளிவு. வேலு எந்த முயலையும் மாற்றவில்லை. நான்கையும் சரியான வரிசையில்தான் தூக்கி வந்திருக்கிறான்.

டாக்டர் தானே போய்ச் சொல்வதாகக் கிளம்பினார், வாசல்வரை வந்து நின்றுவிட்டார். கூச்சம். நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேலையும் நிரந்தரம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். நான் நெம்மேலிக்குப் போனேன். வேலு வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும், தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் தப்பைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான், நீங்களாவது கேளுங்கள் என்று புலம்பினாள். ஆய்வுக்கூடத்தில் மேடம் என்று கூப்பிடுகிறவன், ஊரில் என்னை அக்கா என்றான்.

நடந்ததைச் சொன்னேன். நீ மாற்றவில்லை, தப்பு எங்களுடையது, நாளைக்கு வேலைக்கு வா என்றேன். அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை.

"இல்லக்கா. நான்தான் ரெண்டு தபா தூக்கினு வந்தேன்."

"வரல வேலு. சோதிச்சுப் பாத்துட்டோம்."

"மிஷினு இப்ப இன்னா சொல்தோ எனுக்குத் தெர்ல. அந்த முயலு கீறலு, அது ஒதைச்சது, எல்லாம் கண்ணுல அப்டியே கீது. அப்ப என் கண்ணுல கீறது இன்னாக்கா?"

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான். நான் என்னென்னவோ சொன்னேன். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டால் மனசு எதையாவது தயார் செய்து கொடுத்துவிடும் என்று சொன்னேன். அவன் மரியாதைக்காகத் தலையாட்டினான். மறுநாள் வேலைக்கு வந்தான். நிரந்தரமும் ஆனான், அவன் பெண்ணும் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். குடல் ஆன்டிபாடி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருடங்கள் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் அன்றிலிருந்து வேலு எந்த முயலையும் தனியாகத் தூக்கவில்லை. கூண்டைத் திறப்பதற்கு முன் யாரையாவது கூப்பிட்டு, நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வான். பிறகு இன்னொரு தடவை படிக்கச் சொல்வான். புதிதாக வந்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். டாக்டர் எத்தனையோ முறை கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் போய், அவனுக்காக நம்பர் படித்திருக்கிறார்.

சீரம் இல்லாமல் ஒரு வரிசை வையுங்கள், பூசிய குழியிலேயே வையுங்கள். அது சுலபம், அதற்கு நான் வேண்டாம், எந்தப் புத்தகத்திலும் இருக்கும். ஒரு ஆளைக் கேள்வி கேட்கும்போது, அவன் சொல்லும் பதில் அவனுடையதா, நீங்கள் கொடுத்ததா என்று எந்தத் தட்டில் சோதிப்பீர்கள்? அதற்கான சீரம் ஊற்றாத குழி என்னிடம் இல்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் சொல்லி அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், இந்தக் கதையை நான் பல பேருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் எனக்கும் தெரிகிறது. கொட்டகைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வேலு வருகிறான், கையில் காது கீறிய அதே முயல், இரண்டாவது தடவை. அது காலை உதைக்கிறது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் வேலைக்கே வரவில்லை.